“ஆமாங்கய்யா”ன்னு சொன்னா அப்பீல் போச்சு

சட்ட யோசனை சொல்ற ஒருத்தரோட வீடியோவைப் பார்த்துட்டு மனசு ஆறலை. “சின்ன கேஸ்தானே, ஒத்துக்கிட்டு ஃபைனைக் கட்டிடுங்க, பிறகு அப்பீல் போட்டுக்கலாம்”னு அவ்வளவு உறுதியாச் சொல்றார்.

போட முடியாதுங்க. குற்ற வழக்கை எப்படி நடத்தணும்னு சொல்ற இப்போதைய சட்டமான பி.என்.எஸ்.எஸ்.ல பிரிவு 416, பழைய சட்டமான சி.ஆர்.பி.சி.ல 375. நீங்களே ஒத்துக்கிட்டதை வெச்சு மாஜிஸ்திரேட் தண்டிச்சா, தண்டனை அதிகம், இல்லை சட்டப்படி தப்புன்னு மட்டும்தான் அப்பீல் போகலாம். “நான் செய்யவே இல்லை”ன்னு போக முடியாது.

கூண்டுல ஏறினவர்கிட்ட குற்றச்சாட்டை ஒரே மூச்சுல வாசிக்கிறாங்க. “தள்ளுனியா?” “ஆமாங்கய்யா, அவன் கட்டையை ஓங்கினான், அதான் தள்ளுனேன்.” இது ஒப்புதலே இல்லை, தற்காப்பு. பதிவாகிறது மட்டும் “குற்றத்தை ஒப்புக்கொண்டார்”. நம்ம ஜனங்க பாதி நேரம் மரியாதைக்குத்தான் ஆமாங்கய்யான்னு சொல்றாங்க. சம்மன் வழக்குல, அதாவது ரெண்டு வருஷத்துக்கு மேல ஜெயில் தண்டனை இல்லாத சின்ன வழக்குல, முடிஞ்சவரை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதணும்னு பிரிவு 275 சொல்லுது. அது கட்டாயம்னு 1965-லேயே மெட்ராஸ் மாநில வழக்கு ஒண்ணுல உச்ச நீதிமன்றம் சொல்லியாச்சு.

“வருஷக்கணக்கா வாய்தாவுக்கு அலையறதுக்கு ஐந்நூறு ரூபாய் மேல்”னு சண்டைக்கு வருவீங்க. தினக்கூலிக்காரர் ஒத்துக்கிட்டா அவரை ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனா ஃபைனும் தண்டனைதான். நாளைக்கு வேலைக்கான போலீஸ் விசாரணைப் படிவத்துல “தண்டிக்கப்பட்டதுண்டா”ன்னு கேட்கிற இடத்துல என்ன எழுதுவார்? அதை அவருக்கு முன்கூட்டியே சொல்ல ஒருத்தர் வேண்டாமா?

“ரிவிஷன் இருக்கே”ங்கிறீங்க. கீழ்க் கோர்ட் உத்தரவு சரிதானான்னு மேல் கோர்ட்டைப் பார்க்கச் சொல்ற மனு அது. இருக்கு, 90 நாளுக்குள்ள. ஆனா ஒரு சாட்சியைக்கூட விசாரிக்காத வழக்குல எதைக் காட்டி வாதாடுவீங்க? தண்டனையைக் குறைக்கப் பேரம் பேசி ஒத்துக்கிற முறையில (plea bargaining), பிரிவு 295 இன்னும் கடுமை. உச்ச நீதிமன்றத்துல சிறப்பு அனுமதி மனு, உயர் நீதிமன்றத்துல ரிட், அவ்வளவுதான்.

ஏற்கெனவே ஒத்துக்கிட்டவங்க உடனே நகல் மனு போட்டு, உங்க வாயிலிருந்து வந்ததா என்ன பதிவாகியிருக்குன்னு படிங்க. தண்டனையை எதிர்த்து செஷன்ஸ் கோர்ட்டுக்கு அப்பீல் போக 30 நாள்தான். இன்னும் ஒத்துக்காதவங்க, “குற்றத்தை மறுக்கிறேன், விசாரணை வேணும்”னு சொன்னாப் போதும். ஒத்துக்கத்தான் போறீங்கன்னா, தண்டனை சொல்றதுக்கு முன்னாடியே 1958-ஆம் வருஷத்து நன்னடத்தைச் சட்டத்துல பிரிவு 3 அல்லது 4-இன் கீழ், தண்டிக்காம எச்சரிச்சோ நன்னடத்தை உறுதி வாங்கியோ விடச் சொல்லிக் கேளுங்க. கிடைச்சா, தண்டிக்கப்பட்டதால வர்ற தகுதியிழப்பு பிரிவு 12-ஆல போயிடும்.

அந்த வீடியோவுக்குக் கீழே ஒருத்தர், “நன்றி சார், திங்கட்கிழமை ஒத்துக்கிட்டு வந்துடறேன்”னு எழுதியிருக்கார். அவரைத் தெரிஞ்சவங்க யாராவது இதைக் காட்டுங்க.