சி.வி. ஒன்று 150 ரூபா

வழி கேட்டது ஒரு குற்றமா?

இலங்கை மலையகத்தில், தலவாக்கலை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு கொமினிகேஷன் கடை. "தம்பி, சி.வி. பிறந்த இடத்துக்கு எப்படிப் போறது?" என்று கேட்டேன். பையன் போனிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "சி.வி. ஒன்று 150 ரூபா அண்ணே. போட்டோ கொண்டு வந்தீங்களா?"

வேலைக்கு அடிக்கிற சி.வி. இல்லையப்பா, ஆள். எழுத்தாளர். சி.வி. வேலுப்பிள்ளை.

"அப்ப அவரு வரணும் அண்ணே. ஐடென்டி நம்பர் இல்லாம அடிக்க ஏலாது."

அவர் செத்து நாற்பது வருசம் தாண்டிவிட்டது என்றேன். அப்போதுதான் நிமிர்ந்தான். முகத்தில் ஒரு தெளிவு. "அட, மரண அறிவித்தலா? கலர்னா ரேட் வேற." எனக்குப் பின்னால் நின்ற அக்கா, "சீக்கிரம் சொல்லுங்களேன், பஸ் போயிரும்" என்று என்னைத்தான் கடிந்துகொண்டார்.

1947இல் இதே தலவாக்கலைத் தொகுதி நாடாளுமன்றத்துக்கு அனுப்பிய மனுசன். மறுவருசமே குடியுரிமைச் சட்டம் வந்து, ஓட்டுப் போட்ட தோட்டத்துச் சனத்தை நாடற்றவர்களாக்கியது. அந்தச் சனத்தின் கொள்ளுப்பேரன்தான் இன்று எனக்குக் கலர் ரேட் சொல்கிறான். சென் கிளேயர் நீர்வீழ்ச்சிக்கு வழி கேட்டுப் பாருங்கள், நாலு கை நீளும், ஒருவன் வேனே பிடித்துத் தருவான்.

சரி என்று ஆட்டோவில் ஏறி, சி.வி. பிறந்த மடக்கொம்பரைத் தோட்டத்துக்குப் போகச் சொன்னேன். "மடக்கொம்பரையா? யார் வீட்டுச் சாவு?" சாவு, கல்யாணம், திருவிழா தவிர ஒருவன் தோட்டத்துக்குப் போவான் என்பது அந்த அண்ணனுக்கு விளங்கவே இல்லை. 1914இல் அங்கே பிறந்த நாவலாசிரியர் என்று விளக்கினேன். என்ன நாவல் என்றார். 'வீடற்றவன்.'

பிரேக் போட்டுத் திரும்பினார். "வீடே இல்லாதவரோட வீட்டையா தேடிப் போறோம்?"

கோபம் வந்திருக்க வேண்டும். பொத்துக்கொண்டு சிரிப்புத்தான் வந்தது. வட்டகொடைக்குப் போய்ச் சேருமுன் மழை பிடித்துக்கொண்டது. மூடுபனி வேறு இறங்கி, முன் சக்கரம்கூடத் தெரியவில்லை. இதற்குமேல் போகாது என்று அண்ணன் ஸ்டேஷன் வாசலில் இறக்கிவிட்டார். முழு ரேட்தான் வாங்கினார்.

ரயிலுக்கு இன்னும் நேரம் இருந்தது. எதிர்க்கடையில் ஒரு பிளேன்டீ சொன்னேன். சுற்றிவர எட்டுத் திக்கும் தேயிலை மலை. கப்பில் வந்ததோ, துணி அலசிய தண்ணி மாதிரி ஒன்று. கொழுந்து பறிக்கிற ஊரில் ஒரு ஒழுங்கான தேத்தண்ணி கிடைக்காதாம்! சீனி மட்டும் மூன்று கரண்டி.