மூன்று வார இடைவெளியும் ஒரே கிருமியும்
மருத்துவமனைத் தொற்றுகளுக்கு வழக்கமான கிருமி வளர்ப்புச் சோதனையே போதும், கிருமியின் மரபணு எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படித்தறியும் மரபணு வரிசைப்படுத்தல் வீண் செலவு என்று கட்டுரையாளர் கூறுவதை ஏற்க இயலவில்லை. அமெரிக்காவின் பெத்தெஸ்டாவில் உள்ள தேசிய சுகாதாரக் கழகத்தின் மருத்துவமனையில், 2011ஆம் ஆண்டு கடைசிக்கட்ட நுண்ணுயிர்க்கொல்லிகளான கார்பாபெனம் மருந்துகளுக்கும் கட்டுப்படாத கிளெப்சியெல்லா என்ற பாக்டீரியா 18 நோயாளிகளிடம் பரவியபோது, முதல் நோயாளி வீடு திரும்பி மூன்று வாரங்கள் கழிந்த பின்னரே இரண்டாமவரிடம் அது தென்பட்டதால், இரண்டும் தொடர்பற்றவை என்று எண்ணவும் இடமிருந்தது. நோயாளிகளிடம் கிடைத்த கிருமிகளை மரபணு வரிசைப்படுத்தி ஒப்பிட்டு, பல லட்சம் மரபணு எழுத்துகளில் ஒரு சிலவே மாறியிருந்ததைக் கண்ட பிறகுதான், எல்லாம் முதல் நோயாளியிடமிருந்தே கிளைத்தவை என்பது உறுதியானது. கை கழுவும் தொட்டியின் வடிகுழாயிலும், சுத்தம் செய்து வைத்திருந்த (அப்படித்தான் நம்பினார்கள்) செயற்கைச் சுவாசக் கருவியிலும்கூட அக்கிருமி இருந்தது. வரிசைப்படுத்தலின் முடிவு வரத் தாமதமாகும் என்ற ஆட்சேபத்தில் மட்டும் ஓரளவு நியாயம் உண்டு.