பிறவிச் சொத்தா கண்ணின் மஞ்சள் நிறமி?

“விழித்திரை நடுவிலுள்ள மஞ்சள் நிறமி பிறக்கும்போதே முழுதாக அமைந்துவிடும், உணவுக்கு அதில் வேலையில்லை” என்று ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. லூட்டின், சியாக்சாந்தின் என்ற இந்தத் தாவர நிறமிகளை நம் உடலால் புதிதாக உண்டாக்க முடியாது. கருவில் தொப்புள்கொடி வழியாகவும், அப்புறம் தாய்ப்பாலிலும் குழந்தைக்கு வந்து சேர்கின்றன. பிறந்தபோது அளவு மிகக் குறைவு. முதல் சில ஆண்டுகளில் ஏறுகிறது.

சுவாரசியமே விகிதத்தில்தான். 2 வயதுக்குள் லூட்டின்தான் மிகுதி. பிறகு மையத்தில் சியாக்சாந்தின் முந்திக்கொள்கிறது. லூட்டினில் கொஞ்சத்தைக் கண்ணே மீசோ-சியாக்சாந்தின் என்ற இன்னொரு மஞ்சள் நிறமியாக மாற்றியும் கொள்கிறது.

சரி, உணவு என்றதும் கேரட்டைத் தேடாதீர்கள். அதிலுள்ள பீட்டா கரோட்டின் வைட்டமின் ஏ-வுக்கு உதவும், விழித்திரை நடுவிலுள்ள இந்த மஞ்சள் புள்ளியில் சேராது. லூட்டின் நிறைய இருப்பது கீரையில். முட்டை மஞ்சள் கருவிலும் உண்டு.