விண்ணப்பம் போடத் தெரிந்தவர்களுக்கு மட்டும்தான் நிவாரணமா?

2021 அக்டோபரில் ஒரு சனிக்கிழமை, இங்கே அமெரிக்காவில் பக்கத்து வீட்டு அம்மாவின் சாப்பாட்டு மேசையில் நான்கு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் வீட்டிலேயே குழந்தைகள் காப்பகம் நடத்தி வந்தார். கொரோனாவுக்கு முன்னால் ஆறு குழந்தைகள், அப்புறம் இரண்டு. சிறு தொழில் செய்பவர்களுக்கு 10,000 டாலர் மானியம் தருவதாக எங்கள் நகர நிர்வாகம் அறிவித்திருந்தது. அந்த விண்ணப்பத்தை நிரப்பிக் கொடுக்கத்தான் போயிருந்தேன்.

இரண்டு வருட வரிக் கணக்கு கேட்டார்கள். தொழிலுக்கென்று உள்ள வங்கிக் கணக்கின் விவரம் கேட்டார்கள். 2019க்கும் 2020க்கும் மாதவாரியாக வருமானத்தை ஒப்பிட்டுக் காட்டச் சொன்னார்கள். அவரிடம் தனி வங்கிக் கணக்கே கிடையாது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் குழந்தையைக் கூட்டிப்போக வரும் பெற்றோர் கையில் கொடுக்கும் காசோலையும் ரொக்கமும்தான் வரவு. அதையெல்லாம் ஒரு கோடு போட்ட நோட்டில், தேதியும் குழந்தையின் பெயரும் போட்டு எழுதி வைத்திருந்தார். 2020 மார்ச்சுக்குப் பிறகு அந்த நோட்டில் பல பக்கங்களில் தேதி மட்டும் இருந்தது, எதிரே ஒன்றும் இல்லை. வருமானம் போனதற்கு அதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை. ஆனால் அந்த நோட்டைக் காட்டப் படிவத்தில் இடம் இல்லை.

படிவம் ஆங்கிலத்தில் மட்டும். அவர் வீட்டில் பேசுவது ஸ்பானிஷ். போனில் எடுத்த படங்களை ஏற்றினால் ‘கோப்பின் அளவு அதிகம்’ என்று திரும்பத் திரும்ப வந்தது. நான் கணினியை நம்பிப் பிழைப்பவன். எனக்கே போதும் போதும் என்றாகிவிட்டது.

அன்றிலிருந்து இந்த நிவாரண நிதி விஷயத்தை விடாமல் பார்த்து வருகிறேன். நகரத்தின் பொருளாதார மீட்புத் திட்டம் என்று பக்கம் பக்கமாக அறிக்கை போடுகிறார்கள். அதையெல்லாம்விட அந்த விண்ணப்பப் படிவம்தான் உண்மையான திட்டம் என்று இப்போது நினைக்கிறேன். யாருக்குக் கை கொடுப்பது, யாரை விட்டுவிடுவது என்பது அங்கேதான் முடிவாகிறது.

பணம் கொஞ்சநஞ்சமில்லை. 2021 மார்ச் 11 அன்று அதிபர் பைடன் கையெழுத்திட்ட அமெரிக்க மீட்புத் திட்டச் சட்டத்தில் மாநிலங்களுக்கும் உள்ளாட்சிகளுக்கும் சேர்த்து 35,000 கோடி டாலர். அதில் பெரிய நகரங்களின் பங்கு சுமார் 4,560 கோடி. டெட்ராய்ட் நகரத்துக்கு மட்டும் 82 கோடிக்கு மேல் வந்தது. அதற்கு முந்தைய வருடத்து நிவாரணச் சட்டத்தில், 5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள உள்ளாட்சிகளுக்குத்தான் நேரடியாகப் பணம். மற்றவை மாநிலத்தின் கையைப் பார்த்து நின்றன. வரி வருமானத்தில் விழுந்த துண்டை அந்தப் பணத்தால் அடைக்கவும் முடியாது. 2021 சட்டம் இரண்டையும் மாற்றியது.

இதில்தான் என் மனதை உறுத்தும் விஷயம் இருக்கிறது. இந்தப் பணத்தை எப்படிச் செலவிடலாம் என்று 2022 ஜனவரியில் மத்திய நிதித்துறை வெளியிட்ட இறுதி விதியின்படி, ஒரு நகரம் தனக்கு வந்த தொகையில் 1 கோடி டாலர் வரை ‘வருமான இழப்பு’ என்று வைத்துக்கொண்டு வழக்கமான செலவுகளுக்குப் பயன்படுத்தலாம். இவ்வளவு இழந்தோம் என்று கணக்குப் போட்டு நிரூபிக்க வேண்டியதில்லை. நகரத்தின் சொல்லை நம்பி 1 கோடி டாலர். காப்பகம் நடத்தும் அம்மாவின் சொல்லையும் நோட்டையும் நம்பி 10,000 டாலர் தர முடியாதா?

நகரங்களுக்கு அப்படிக் கொடுத்தது தவறு என்று நான் சொல்லவில்லை. சரியான காரியம் அது. 2008 சரிவுக்குப் பிறகு மாநிலங்களும் உள்ளாட்சிகளும் ஆட்களைக் குறைத்தன. அந்த வேலைகள் பழைய எண்ணிக்கைக்குத் திரும்பப் பத்து வருடம் போல ஆனது. 2020 வசந்த காலத்தில் மறுபடி 10 லட்சத்துக்கும் மேற்பட்ட வேலைகள் போயின. நூலகத்தைப் பூட்டிவிட்டு, குப்பை வண்டியை நிறுத்திவிட்டு எந்த நகரமும் எழுந்து நிற்காது. அரசாங்கம் நகரங்களை நம்பியது, அந்த நம்பிக்கை வேலை செய்தது. அதே நம்பிக்கையை இன்னும் ஒரு படி கீழே இறக்குங்கள் என்றுதான் கேட்கிறேன்.

அதற்கு விதியும் குறுக்கே நிற்கவில்லை. குறைந்த வருமானக் குடும்பங்களையும், ஏழ்மை மிகுந்த பகுதி என்று அரசே வரையறுத்த இடங்களில் இருப்பவர்களையும் பாதிக்கப்பட்டவர்களாகவே எடுத்துக்கொள்ளலாம், ஒவ்வொருவரும் தனித்தனியாக நிரூபிக்க வேண்டாம் என்று அதே விதி சொல்கிறது. கதவைத் திறந்துதான் வைத்திருந்தார்கள். பல நகரங்கள் தாங்களாகவே அதன் முன்னால் ஒரு படிவத்தைக் கொண்டுபோய் வைத்தன.

வைக்காத நகரங்களும் உண்டு. பாஸ்டன் நகரம் இந்த நிதியிலிருந்து 80 லட்சம் டாலர் எடுத்து, 2022 மார்ச் 1 முதல் 23, 28, 29 ஆகிய மூன்று பேருந்துத் தடங்களில் கட்டணத்தை நீக்கியது. மூன்றும் குறைந்த வருமானக்காரர்கள் அதிகம் வாழும் பகுதிகள் வழியாகப் போகிற தடங்கள். பேருந்தில் ஏறினால் போதும், உதவி கிடைத்துவிட்டது. ஒஹையோ மாநிலத்தின் டொலீடோ நகரமும் அதன் கவுன்டி (நம் மாவட்டம் போன்றது) நிர்வாகமும் சேர்ந்து 16 லட்சம் டாலர் ஒதுக்கி, 24 கோடி டாலர் வரையிலான மருத்துவக் கடனைத் தீர்க்கத் திட்டம் போட்டன. வசூலாகாத மருத்துவக் கடன் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். ஒரு தொண்டு நிறுவனம் மொத்தமாக வாங்கி ரத்து செய்துவிடும். கடனாளி எதற்கும் விண்ணப்பிக்க வேண்டாம். ‘உங்கள் கடன் தீர்ந்தது’ என்று ஒரு கடிதம் வீட்டுக்கு வரும், அவ்வளவுதான். கேட்கும்போதே எனக்குக் கண் கலங்கியது.

கண்ணை மூடிக்கொண்டு கொடுத்தால் திருட்டு நடக்காதா என்பார்கள். நடக்கும். ஆட்களுக்குச் சம்பளம் கொடுக்கத் தொழில்களுக்கு அரசு ஏற்பாடு செய்த சம்பளப் பாதுகாப்புக் கடனில் நடந்தது, வேலையிழப்பு உதவியில் நடந்தது. ஆனால் அவற்றிலும் படிவம் இருந்ததே! மோசடி செய்கிறவனுக்குப் படிவம் ஒரு தடையே இல்லை, அவன் அதில்தான் கைதேர்ந்தவன். அந்தச் சம்பளக் கடனை முந்தி வந்தவர்களுக்கே என்று 2020 ஏப்ரல் 3 அன்று திறந்தார்கள். 34,900 கோடி டாலர் 13 நாளில் தீர்ந்துபோனது. வங்கியில் ஏற்கெனவே பழக்கம் உள்ளவர்கள், கணக்காளர் வைத்திருப்பவர்கள் முன்வரிசையில் நின்றார்கள். தனி ஆளாகத் தொழில் செய்கிறவர்கள் விண்ணப்பிக்கவே ஒரு வாரம் கழித்துத்தான் அனுமதி. முதலில் கொடுத்துவிட்டு, நூற்றில் ஐந்து பேரைப் பிறகு நேரில் போய்ச் சரிபார்த்தால் என்ன? நோட்டைச் சாட்சியாக எடுத்துக்கொண்டால் என்ன? ‘முதலில் செலவு செய், பிறகு ரசீது கொண்டு வா’ என்று கையில் காசில்லாதவரிடம் சொல்வதையாவது நிறுத்தலாம் இல்லையா?

இந்தப் பணத்தை எப்படிச் செலவிடலாம் என்று மக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டத்துக்கும் ஒரு தடவை போனேன். வேலைநாள், மதியம் 2 மணி. ஆளுக்கு மூன்று நிமிடம். பேசியவர்களில் பெரும்பாலோர் ஏதாவது ஒரு சங்கத்தின் அல்லது நிறுவனத்தின் சார்பாக, அச்சடித்த தாளோடு வந்தவர்கள். மேசை துடைப்பவரோ குழந்தை பார்ப்பவரோ அந்த நேரத்துக்கு எப்படி வருவார்? அவர் வராததால் அவர் கேட்டதாக எந்தப் பதிவும் இல்லை.

பக்கத்து வீட்டு அம்மா அந்த டிசம்பரோடு காப்பகத்தை மூடிவிட்டு ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வேலைக்குச் சேர்ந்தார். குழந்தைகள் காப்பகங்களுக்கென்றே மாநிலங்கள் வழியாக 2,400 கோடி டாலர் தனியாக வந்தது. அதற்கும் ஒரு படிவம். அதைத் தொட அவருக்குத் தெம்பு இல்லை. அவரிடம் மிச்சமிருந்த இரண்டு குழந்தைகளில் ஒருவனின் அம்மா மருத்துவமனையில் துப்புரவு வேலை பார்த்தவர். பிள்ளையை விட இடமில்லாமல் அந்த வேலையை விட்டார். ஒரு நோட்டை நம்பாததால் போனது ஒரு காப்பகம் மட்டுமில்லை. மானியம் பற்றி நகர நிர்வாகத்திடமிருந்து பதில் வந்தது 2022 ஆகஸ்டில்: ‘ஆவணங்கள் போதவில்லை, 10 நாளுக்குள் அனுப்பவும்.’

2.5 லட்சத்துக்கு மேல் மக்கள் உள்ள நகரங்கள் இந்த நிதி பற்றி வருடாவருடம் அறிக்கையைத் தங்கள் இணையதளத்தில் போட வேண்டும். செலவழித்து முடிக்க 2026 டிசம்பர் 31 கடைசி நாள். அமெரிக்காவில் இருக்கும் நண்பர்கள் உங்கள் நகரத்தின் அறிக்கையைத் தேடி எடுத்துப் படியுங்கள். எத்தனை பேருக்கு மானியம் கொடுத்தோம் என்று அதில் இருக்கும். படிவத்தைத் திறந்து பாதியில் விட்டவர்கள் எத்தனை பேர், ஆவணம் போதாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் எத்தனை பேர் என்று உங்கள் நகர மன்ற உறுப்பினருக்கு எழுதிக் கேளுங்கள். நான் எழுதிவிட்டேன். பதில் வந்ததும் இங்கே போடுகிறேன்.