'பிஎல்' என்றால் போலி இல்லை

மும்பையில் பழைய கூலிங் கிளாஸ் சேர்ப்பவர்களைப் பற்றிய கட்டுரையில், மாட்டுங்கா அண்ணன் போலி ரேபான் விற்கிறார் என்று போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். லென்ஸில் 'ஆர்பி' இல்லாமல் 'பிஎல்' என்று இருக்கிறதாம். அட, 1999-இல் லக்ஸாட்டிகா என்ற இத்தாலியக் கம்பெனி கைக்குப் போகும்வரை ரேபான் பாஷ் அண்ட் லோம் கம்பெனியுடையது. அந்தக் காலக் கண்ணாடியில் ஓரமாக, பொடியாக 'பிஎல்' என்றுதான் பொறித்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால்தான் தெரியும். 'ஆர்பி' அதற்குப் பிறகு வந்தது. போலியிலும் 'பிஎல்' போடுபவர்கள் உண்டு, சரி, அதற்கு ஃபிரேமையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். அண்ணன் லென்ஸ் மாற்றிய கண்ணாடி என்றால் விலைக்கு முன்பே அதைச் சொல்லிவிடுகிற ஆள். எனக்கே அப்படிச் சொல்லித்தான் விற்றார். நீங்கள் குறை சொல்லும் கண்ணாடியைக் கையில் வாங்கிப் பார்த்தீர்களா? இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள்.