"நீ சொல்லக் கூடாதா?" என்று கேட்பவர்களுக்கு

என் கணவருக்கு நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய் இருப்பது எங்கள் உறவினர்கள் அனைவருக்கும் தெரியும். கோவையில் பஞ்சாலையில் பல ஆண்டுகள் பஞ்சுத் தூசியைச் சுவாசித்தவர். இளம் வயதிலிருந்தே சிகரெட் பிடிப்பவர். இன்றும் அதை விடவில்லை. வீட்டுக்கு வருகிறவர்கள் அவரிடம் ஊர்க்கதையும் அரசியலும் பேசிவிட்டு, புறப்படும் நேரத்தில் சமையலறைப் பக்கம் வந்து, "இந்த நிலைமையிலும் பிடிக்கிறாரே, நீ சொல்லக் கூடாதா?" என்று என்னிடம் கேட்கிறார்கள். அன்பினால்தான் கேட்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் அறுபதைக் கடந்த ஒருவரின் பழக்கத்துக்கு அவருடைய மனைவியிடம் விளக்கம் கேட்பது நியாயமல்ல.

அவர் அறியாத எதையும் நான் புதிதாகச் சொல்லிவிட முடியாது. சிகரெட் பெட்டியின் 85 விழுக்காட்டை எச்சரிக்கைப் படம் அடைத்திருக்கிறது. 2016 முதல் அதைப் பார்த்தபடியேதான் பெட்டியைத் திறக்கிறார். இழந்த நுரையீரல் திறன் திரும்பாது என்றும், ஆனால் புகையை நிறுத்தினால் மிச்சமிருப்பது குறையும் வேகம் தணியும் என்றும் மருத்துவர் எங்கள் இருவரையும் உட்காரவைத்துத்தான் விளக்கினார். அதில் முதல் பாதியை மட்டும் அவர் பிடித்துக்கொண்டார். "போனது வரப்போவதில்லை, பிறகு எதற்கு விட வேண்டும்?" என்கிறார். இது அறியாமை அல்ல, மன உறுதி இல்லாமையும் அல்ல. இழுத்த சில நொடிகளில் மூளையைச் சென்றடையும் நிக்கோட்டினுக்கு உடல் அடிமையாகிவிட்டது. அதுவும் ஒரு நோய்தான், அதற்கும் சிகிச்சை இருக்கிறது. நிக்கோட்டின் சூயிங்கம் இருக்கிறது, வரேனிக்லின் மாத்திரை இருக்கிறது, 1800-11-2356 என்ற இலவச உதவி எண் அந்தப் பெட்டியிலேயே அச்சாகியிருக்கிறது. ஆனால் அந்த எண்ணை அழைக்க வேண்டியவர் அவர். மருந்துக் கடைக்கு அவருக்காக நான் போகலாம்; அவருக்காக நான் புகையை விட முடியாது.

இன்ஹேலர் விஷயமும் அப்படித்தான். எங்கள் வீட்டில் இரண்டு இருக்கின்றன. மூச்சுத் திணறும்போது இழுக்கும் சால்பியூட்டமால் சில நிமிடங்களிலேயே நெஞ்சைத் தளர்த்துகிறது. அதனால் அதை நம்புகிறார். நாள்தோறும் ஒருமுறை இழுக்க வேண்டிய டையோட்ரோபியம் அப்படி உடனடியாக எதையும் உணர்த்துவதில்லை. மூச்சுக்குழாய்களை நாள் முழுவதும் விரிந்த நிலையில் வைத்திருப்பதும், திடீரென்று நோய் முற்றி ஆஸ்பத்திரிக்கு ஓடும் நிலையைக் குறைப்பதும்தான் அதன் வேலை. வராமல் போன திணறலை யாரும் கண்ணால் பார்ப்பதில்லை என்பதால், அது வீண் செலவு என்கிறார். "பம்ப் பழகிவிட்டால் விடவே முடியாது" என்று யாரோ சொன்னதையும் இன்றுவரை நம்புகிறார். இழுப்பு நோய்க்காரன் என்று ஊரார் சொல்லிவிடுவார்களோ என்ற கூச்சம் இவற்றுக்கெல்லாம் அடியில் இருக்கிறது என்று நினைக்கிறேன். வெளியாள் ஒருவர் கூடத்தில் இருந்தால், எவ்வளவு திணறினாலும் இன்ஹேலரைக் கையில் எடுக்க மாட்டார்.

தன்னை நோயாளி என்று ஒப்புக்கொள்ளத் தேவையில்லாதவற்றை அவர் மறுப்பதில்லை என்பதைக் கவனித்திருக்கிறேன். ஆண்டுக்கொருமுறை ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்கிறார், ஏனென்றால் நானும் போட்டுக்கொள்கிறேன். உதடுகளைக் குவித்து மெதுவாக மூச்சை வெளியே விட்டபடி தெருமுனை டீக்கடை வரை நடந்து வருகிறார்; அதை உடற்பயிற்சி என்று நான் சொல்வதில்லை. கொசுவத்தியும் சாம்பிராணியும் வீட்டில் இல்லாமல் போனதை அவர் கேட்கவும் இல்லை. புகையை விடாதவரை இவையெல்லாம் எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். ஒன்றை மறுத்தவருக்கு மற்றவற்றையும் இல்லாமல் செய்வது தண்டனையாகுமே தவிர, பராமரிப்பாகாது.

ஓய்வில் இருக்கும்போதும் இரத்தத்தில் ஆக்சிஜன் அளவு 88 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கத் தொடங்கிய பிறகு, காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் குழாய் வழியாக மூக்குக்குத் தரும் கான்சன்ட்ரேட்டர் கருவி வீட்டுக்கு வந்தது. நாளொன்றுக்குக் குறைந்தது 15 மணி நேரம் அதைப் பயன்படுத்தினால்தான் பலன் என்றார்கள். அவர் அவ்வளவு நேரம் பயன்படுத்துவதில்லை. அதற்காக நான் சண்டை போடுவதும் இல்லை. ஆனால் அந்தக் கருவி உள்ள வீட்டுக்குள் தீக்குச்சி உரசக் கூடாது என்பதில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை. ஆக்சிஜன் உடையிலும் படுக்கையிலும் தங்கி நிற்கும். குழாயைக் கழற்றிய உடனே பற்றவைத்தாலும் முகம் கருகிவிடக்கூடும். பேரக் குழந்தை உறங்கும் வீட்டில் இதில் விவாதத்துக்கு இடமில்லை. புகைக்க வேண்டுமானால், குழாயைக் கழற்றிவைத்து, நேரம் கழித்து, தெருவுக்குப் போக வேண்டும். சிகரெட் வாங்கிவர என்னை அனுப்பக் கூடாது. இந்த இரண்டும் என் எல்லைகள், அவரைத் திருத்துவதற்கான உத்திகள் அல்ல. இதை அவரிடமே சொல்லியிருக்கிறேன்.

இன்னொன்றையும் உறவினர்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் திணறுவதைக் கண்டு பதறி, கருவியின் அளவை நீங்களாகவே கூட்டிவிடாதீர்கள். இந்த நோய் முற்றியவர்களில் பலருக்கு, ஆக்சிஜன் அளவுக்கு மீறினால் கரியமில வாயு இரத்தத்தில் தேங்கி மயக்கத்தில் கொண்டுபோய் விடும். அதனால்தான் 88-லிருந்து 92-க்குள் நிறுத்தச் சொல்கிறார்கள். ஆக்சிமீட்டரில் 90 என்று பார்த்துவிட்டு நான் பேசாமல் இருந்தால், அது அலட்சியம் அல்ல.

மருத்துவர்களிடமும் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. "அம்மா, நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று என் முகத்தைப் பார்த்துச் சொல்லி முடிக்கும் ஆலோசனையால் எந்தப் பயனும் இல்லை. என்னை வெளியே அனுப்பிவிட்டு அவருடன் தனியே பேசுங்கள். எதற்குப் பயப்படுகிறார் என்று கேளுங்கள். மனைவியின் முன்னால் ஒப்புக்கொள்ளாததை உங்களிடம் ஒப்புக்கொள்ளக்கூடும்.

அவர் புகையை விடுவாரா என்ற கேள்வியை நான் அவரிடமே விட்டுவிட்டேன். எனக்கு இப்போது வேறொரு பதில் வேண்டும். அடுத்த முறை நிலைமை மோசமானால் முகமூடி வழியாகக் காற்றுச் செலுத்தும் கருவிவரை போதுமா, தொண்டையில் குழாய் இறக்கி வென்டிலேட்டரில் வைக்க அவருக்குச் சம்மதமா என்பதை, பேசத் தெம்பிருக்கும்போதே அவர் சொல்லியாக வேண்டும். முன்கூட்டியே அப்படி எழுதிவைக்கும் உரிமையை 2018-இல் உச்ச நீதிமன்றம் ஏற்றது. 2023-இல் அதன் நடைமுறையை எளிமையாக்கி, இரண்டு சாட்சிகளும் நோட்டரியின் சான்றும் போதும் என்றாக்கியது. மகள் வரும்போது பேசலாம் என்று சொல்லியிருக்கிறார். அவள் பொங்கல் விடுமுறைக்கு வருகிறாள். கேட்க வேண்டியவற்றை ஒரு தாளில் எழுதி அவரிடமே கொடுத்துவிட்டேன்.