அந்த இரவில் கதவைத் தாழிடுவதில்லை

அக்டோபர் கடைசி வாரம் வந்துவிட்டது. கூடவே அந்த வாட்ஸப் ஃபார்வர்டும் வந்துவிட்டது. "ஹாலோவீன் சாத்தானின் திருவிழா, சூனியக்காரிகள் கொண்டாடுவது, உங்கள் பிள்ளைகளை விலக்கி வையுங்கள்." இந்த வருடம் எனக்கு அதை அனுப்பியது சித்தி. போனில் பேசினால் சண்டையில் முடியும். அதனால் இங்கே எழுதுகிறேன்.

நான் அயர்லாந்தின் மேற்கில், மேயோ கவுன்டியில், ஒரு முதியோர் இல்லத்தில் நர்ஸ். அக்டோபர் 31 இரவில் வரும் இந்த விழாவை, வந்த புதிதில் கடை அலமாரியில்தான் பார்த்தேன். பிளாஸ்டிக் எலும்புக்கூடு, கூம்புத் தொப்பி வைத்த கிழவி பொம்மை. எனக்கும் பிடிக்கவில்லை. தூத்துக்குடியில், கத்தோலிக்கக் கோயிலில் பூசைக்கு உதவும் பீடப்பிள்ளைகளோடு வளர்ந்தவளுக்கு எப்படிப் பிடிக்கும்?

என் மனதை மாற்றியது என் வார்டில் இருந்த எண்பத்தெட்டு வயதுப் பாட்டி. ஒரு அக்டோபர் 31, நைட் டியூட்டி. மாத்திரை கொடுக்கப் போனேன். "அந்த ரெண்டு நாற்காலியையும் ஹீட்டர் பக்கம் திருப்பிப் போடு. கதவைச் சாத்தாதே" என்றார். ஒன்று அவர் கணவருக்கு, ஒன்று அவருடைய அம்மாவுக்கு. இருவரும் இறந்து பல வருடம். புத்தி தடுமாறுகிறதோ என்று நினைத்தேன். இல்லை, தெளிவாகத்தான் இருந்தார். சின்ன வயதில் வீட்டில் பார்த்ததை வரிசையாகச் சொன்னார். அன்றைக்கு ராத்திரி அடுப்படியைக் கூட்டி, கரி நெருப்பை அணையாமல் மூடி வைத்து, அதைச் சுற்றி இறந்தவர்களுக்கு நாற்காலி போடுவார்களாம். உருளைக்கிழங்கையும் கோஸ் இலையையும் மசித்து, நடுவில் குழி பறித்து வெண்ணெய் விட்ட கால்கானன் ஒரு கிண்ணம், அதில் ஒரு கரண்டி. கதவுக்குத் தாழ் போடுவதில்லை. பிறகு எல்லோரும் சீக்கிரமே படுக்கப் போய்விடுவார்கள், வந்தவர்கள் சங்கடப்படாமல் உட்கார்ந்து குளிர்காயட்டும் என்று.

"உனக்கு யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார்.

அப்பா கொரோனா நேரத்தில் போனார். அடக்கத்தை இந்த ஊர் சமையலறையில் நின்று வீடியோவில்தான் பார்த்தேன். அதைச் சொன்னதும், "போய் இன்னொரு நாற்காலி எடுத்துட்டு வா" என்றார். டைனிங் ஹாலிலிருந்து ஒன்று தூக்கி வந்து போட்டேன். அப்பாவுக்கு என்று நான் செய்த முதல் காரியம் அதுதான்.

அதற்குப் பிறகுதான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். இந்த நாளின் பழைய பெயர் சாவின். தமிழ்க் காதுக்கு வேறு மாதிரிக் கேட்கும், அது தற்செயல். கோடை முடிந்து குளிர்காலம் தொடங்கும் எல்லை நாள். மலை மேய்ச்சலிலிருந்து மாடுகளை இறக்கி, குளிர்காலத்தில் தீனி போட முடியாதவற்றை அறுக்கும் காலம். பழைய கணக்கில் நாள் பிறப்பது பொழுது சாயும்போது. அதனால்தான் நவம்பர் 1க்கு உரியது 31 மாலையே தொடங்குகிறது. வருடத்தின் வாசற்படி அது. வாசல் திறந்திருக்கும்போது மறுவுலகத்து ஆட்களும் வந்துபோவார்கள் என்று நம்பினார்கள். 1937 முதல் 1939 வரை ஐரிஷ் நாட்டார் வழக்காற்று ஆணையம் பள்ளிப் பிள்ளைகளைத் தாத்தா பாட்டிகளிடம் கேட்டு நோட்டில் எழுதிவரச் சொன்னது. சாவின் இரவுச் சங்கதிகள் அந்த நோட்டுகளில் கிடக்கின்றன.

ஹாலோவீனுக்கு முகம் குடைந்து வைக்கும் பூசணி விளக்கும் அமெரிக்கா போய் வந்த கதைதான். இங்கே முதலில் குடைந்தது டர்னிப் கிழங்கை. எங்கள் கவுன்டியிலேயே டர்லாக் பார்க் அருங்காட்சியகத்தில், டொனகால் பக்கம் குடைந்த ஒரு டர்னிப் முகத்தின் பிளாஸ்டர் அச்சு இருக்கிறது. சுருங்கிய கன்னம், பல், குழி விழுந்த கண். கடைப் பொம்மையைவிடப் பயமாக இருக்கும், ஆனால் அதில் ஒரு கைவேலை தெரியும்.

ராஸ்காமன் கவுன்டியில் ராத்க்ரோகன் என்ற இடத்தில் பூனைகளின் குகை இருக்கிறது. வயல் ஓரம், தவழ்ந்துதான் இறங்க வேண்டும், உள்ளே சேறு. பழங்கதைகளில் சாவின் இரவில் மறுவுலகம் திறக்கும் வாய் அது. பின்னால் கதைகளை எழுதி வைத்த துறவிகள் அதற்கு வைத்த பெயர், அயர்லாந்தின் நரக வாசல். தன் வீட்டு முன்னோர் வந்துபோகும் வழியை எழுத்தறிந்த ஒருவர் நரகம் என்று எழுதிவிட்டால், அதுவே நிலைத்துவிடுகிறது. இன்றைய ஃபார்வர்டும் அதே வேலையைத்தான் செய்கிறது.

சூனியக்காரி என்ற சொல் என்ன செய்யும் என்பதற்கும் இந்த மண்ணிலேயே சாட்சி உண்டு. 1324 நவம்பர் 3 அன்று கில்கென்னியில் பெட்ரோனிலா என்ற பெண்ணைச் சாட்டையால் அடித்து, பிறகு உயிரோடு எரித்தார்கள். குற்றம் சாட்டப்பட்ட எஜமானி ஆலிஸ் கைட்லர் பணக்காரி, தப்பி ஓடிவிட்டாள். அகப்பட்டது வேலைக்காரி. வழக்கை நடத்தியவர் ஆயர் லெட்ரீட். இறந்த ஆன்மாக்களின் நாளுக்கு அடுத்த நாள் அது! எத்தனை தடவை படித்தாலும் எனக்கு வயிறு கலங்குகிறது.

சித்தி, நம்முடைய கல்லறைத் திருநாள் என்றைக்கு? நவம்பர் 2. சுமார் ஆயிரம் வருடத்துக்கு முன் பிரான்சில் க்ளூனி மடத்து அதிபர் ஓடிலோ தொடங்கி வைத்தது, அப்படியே நம் கடற்கரைக்கும் வந்தது. 31ஆம் தேதி சாவின் இரவுக்கும் அதற்கும் நடுவில் ஒரே ஒரு நாள். நாம் என்ன செய்கிறோம்? கல்லறைக்கு வெள்ளையடித்து, செவ்வந்தி தூவி, மெழுகுவத்தி ஏற்றி, சாம்பிராணி போட்டு, சாமியாரைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்கிறோம். ஆசீர்வதிப்பதை மந்திரிப்பு என்றுதானே சொல்கிறோம்! அந்தச் சொல்லை வெளியாள் ஒருவர் கேட்டால் நம்மையும் சூனியக்காரர் என்பாரே. மோட்சம் போகுமுன் பாவத்துக்குப் பரிகாரம் செய்து உத்தரிக்கிற ஆத்துமாக்களுக்காக நம் வீட்டுப் பாட்டி ராத்திரி ஜெபம் சொல்லும்போது, கடைசியில் தாத்தா பெயரைச் சொல்லிவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவாள், பதில் வரும் என்பதுபோல. அவளையும் இந்த ஊர்ப் பாட்டியையும் ஒரே திண்ணையில் உட்கார வைத்தால் மொழி தெரியாமலே பேசியிருப்பார்கள்.

மிட்டாய்க் கடைக்காரர்களுக்காக நான் வாதாடவில்லை. பிளாஸ்டிக் எலும்புக்கூட்டைப் பிள்ளைகளுக்கு வாங்கித் தர மாட்டேன் என்றால் தாராளமாக வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆனால் இறந்தவருக்குச் சோறு எடுத்து வைப்பதைச் சாத்தான் வேலை என்று பகிராதீர்கள். எனக்கு வலிக்கிறது.

அந்தப் பாட்டி போன வருடம் மார்ச்சில் போய்விட்டார். இந்த 31 இரவு எனக்கு டியூட்டி இல்லை. வீட்டில் ரெண்டு நாற்காலி போடப் போகிறேன். சித்தி, நீங்கள் 2ஆம் தேதி அப்பா கல்லறைக்குப் போகும்போது என் பெயருக்கும் ஒரு மெழுகுவத்தி ஏற்றிவிடுங்கள்.